பசுங்கலமும் பேரரசரும்: ஒரு மறுப்பு

சீனத்துப் பசுங்கலங்களின் வரலாற்றைச் சொல்ல முற்படுவோர் பெரும்பாலும் ஓர் அரசனிடமிருந்தே தொடங்குகின்றனர். மழை ஓய்ந்த வானத்தின் நிறத்திலே தமக்குக் கலங்கள் வேண்டுமெனப் பேரரசர் ஒருவர் ஆணையிட்டார் என்றும், அவ்வாணையை நிறைவேற்றும் முயற்சியிலேயே அந்த ஒப்பற்ற பச்சை பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அவ்வரசர் யார் என்று கேட்டால் விடை ஒன்றாக வருவதில்லை. பத்தாம் நூற்றாண்டிலே ஆண்ட பிற்சௌ மரபின் ஷிசொங் என்பர் சிலர். அவருக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிற்பட்டவரான சொங் மரபின் ஹுய்சொங் என்பர் வேறு சிலர். ஷிசொங்கின் குடும்பப் பெயரால் 'சாய் சூளை' என்று பழைய சுவைஞர் நூல்கள் போற்றும் சூளையோ இன்றுவரை எவ்விடத்தும் இனங்காணப்படவில்லை. ஐயத்துக்கிடமின்றி அச்சூளையினது எனக் காட்டத்தக்க கலம் ஒன்றுதானும் இல்லை. ஆணை உண்டு, ஆணையிட்டவர் இருவர் உண்டு, கலம் மட்டும் இல்லை.

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட்டுப் போகலாம். ஆயின், கதையைத் தள்ளிவிட்டவர்களும் அதன் உட்கருத்தைத் தள்ளிவிட்டார்கள் இல்லை. பேரரசரின் இரசனையே பசுங்கலத்தை ஆக்கிற்று என்ற கருத்து, கண்காட்சிக் குறிப்புகளிலும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களிலும் கலை வரலாற்றுப் பாடநூல்களிலும் வேறு வேறு உடையணிந்து உலாவுகின்றது. 'ஹுய்சொங்கின் அழகுணர்ச்சி', 'அரண்மனையின் செம்மை', 'பேரரசச் சூளையின் மேதைமை' என்பன அவ்வுடைகளுட் சில. இக்கட்டுரை மறுக்க எடுத்துக்கொண்டது அக்கருத்தையே. அரண்மனை கலங்களைத் தெரிந்தெடுத்தது, பிறர் பயன்படுத்தாதபடி தடுத்தது, வேண்டாதவற்றை உடைத்தது. வடிவங்கள் சிலவற்றை அது விதித்தது என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பச்சையை ஆக்கியது அரண்மனை அன்று. அரண்மனைக்கு முன்பும், அரண்மனையின் காலத்திலும், அரண்மனை வீழ்ந்த பின்பும் அதனை ஆக்கியவை பொதுச் சந்தைக்காகச் சுட்ட மாகாணச் சூளைகளே.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு சொல். 'செலடன்' என்பது சீனச் சொல் அன்று. ஒனொரே துர்பே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1607இல் வெளியிடத் தொடங்கிய நெடுங்கதை ஒன்றிலே வரும் இடையனின் பெயர் அது. அவ்விடையனின் உடையோடு தொடர்புபட்ட வெளிர்பச்சை நிறத்தின் வழியாக அப்பெயர் இக்கலங்களுக்கு ஏறிற்று என்பது பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். சீனர் இதனைச் 'சிங்' நிறப் பீங்கான் என்பர். அச்சொல் பச்சையையும் நீலத்தையும் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட யாவற்றையும் தழுவி நிற்பது. சுட்டவரின் மொழியில் நிறத்தின் பெயராக இருந்தது, வாங்கியவரின் மொழியில் நாடக உடையொன்றின் நினைவாக மாறிற்று. இவ்வரலாற்றிலே உரிமைகள் எவ்வாறு இடம்மாறின என்பதற்கு இப்பெயரே முதற் சான்று. இக்கட்டுரையில் 'பசுங்கலம்' என்ற சொல்லையே பெரிதும் ஆளுகின்றேன்.

இனி, அந்தப் பச்சை எவ்வாறு உண்டாகின்றது? இரசனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இவ்வினாவை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றனர். அது தற்செயல் அன்று என்பதே எனது எண்ணம். இவ்வினாவுக்கு விடை காணப் புகுந்தால் அரசருக்கு அங்கே வேலையில்லை. களிமண்ணும் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்த குழம்பு கலத்தின் மேற் பூசப்படுகின்றது. அக்குழம்பிலே நூற்றுக்கு 1 முதல் 3 வரையான அளவில் இரும்பொட்சைட்டு இருக்கும். ஏறத்தாழ 1200 பாகைக்கும் 1300 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் அது கண்ணாடியாக உருகும். சூளைக்குள் காற்றுத் தாராளமாகப் புகுந்தால் இரும்பு மஞ்சளாகவோ கபிலமாகவோ முடியும். காற்றைக் குறைத்து, விறகைத் திணித்து, புகை மண்டச் செய்தால் காபனோரொட்சைட்டு அவ்விரும்பிடமிருந்து ஒட்சிசனின் ஒரு பகுதியைப் பறிக்கும். அப்போதே பச்சை தோன்றும். இரசாயன மாணவர் இதனைத் தாழ்த்தல் என்பர். இரும்பின் அளவு சற்றுக் கூடினால் நிறம் கறுக்கும். தைத்தேனியம் சற்றுக் கூடினால் நீலம் மங்கி மஞ்சள் ஏறும். காற்று வேளை தப்பிப் புகுந்தால் ஒரு சூளைச் சரக்கு முழுவதும் கெடும்.

இவ்வேலை நிகழ்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். தென்சீனத்திலே மலைச்சரிவின்மேற் பல பத்து மீற்றர் நீளத்துக்குப் பாம்புபோலக் கிடக்கும் சூளையை அந்நாட்டார் 'நாகச் சூளை' என்றனர். அடிவாயிலில் தீ மூட்டப்படும். சரிவு தானே புகைபோக்கியாகித் தீயை மேலே இழுக்கும். பக்கச் சுவர்களில் உள்ள துளைகள் வழியாக, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதிக்கும் முறைமுறையே விறகு ஊட்டப்படும். வெப்பமானி இல்லை. தீயின் நிறத்தைக் கண்ணாற் பார்த்து வெப்பத்தை அறிந்தவன் ஒருவன் அங்கே இரவும் பகலும் நின்றான். மண் வெட்டியவர், நீர்விசை உலக்கைகளாற் பாறையை இடித்துப் பொடி செய்தவர், அதனைக் கரைத்து வடித்தவர், சக்கரத்தில் வனைந்தவர், கலத்தைப் புகையும் சாம்பலும் தீண்டாதபடி மூடும் சுடுமண் பெட்டிகளைச் செய்தவர், விறகு சுமந்தவர் எனப் பலரின் உழைப்பு அவனது கண்ணிலே வந்து குவிந்தது. அவன் பெயர் எப்பட்டியலிலும் இல்லை.

இந்தப் பச்சைக்கு வயது எத்தனை? ஷாங் மரபின் காலத்திலேயே, அதாவது இற்றைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இதன் கரடுமுரடான முன்வடிவம் சுடப்பட்டது. கிழக்கு ஹான் மரபின் காலத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில், இன்றைய செஜியாங் மாகாணத்தின் ஷாங்யூப் பகுதியிலே முதிர்ந்த பசுங்கலம் வந்துவிட்டது. ஹுய்சொங் அரியணை ஏறியது 1100இல். அவருடைய அழகுணர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஓவியரும் எழுத்தணியாளருமான அவரை யாரும் அவ்வாறு மறுக்கவும் இயலாது. ஆனால் தொள்ளாயிரம் ஆண்டு முதிர்ந்த ஒரு தொழிலுக்குப் பிதாவாக அவரைக் காட்டுவது வரலாற்று எழுத்து ஆகாது, அது துதிபாடலே.

'இரகசிய நிறம்' எனப்பட்ட கலங்களின் கதை இதனினும் தெளிவானது. ஷாங்லின் ஏரியைச் சூழ்ந்த யுவே சூளைகளின் மிகச் சிறந்த ஆக்கங்களுக்கு இப்பெயர் வழங்கிற்று. பெயரின் காரணத்தைச் சொங் காலத்து எழுத்தாளர் சிலர் விளக்கினர். 907 முதல் 978 வரை அப்பகுதியை ஆண்ட வூயுவே அரசின் மன்னர் குலம் இக்கலங்களைத் தனக்கும் காணிக்கைக்கும் மட்டுமே உரியனவாக ஒதுக்கி, அதிகாரிகளும் குடிமக்களும் பயன்படுத்துவதைத் தடுத்ததாம். அதனாலேயே 'இரகசியம்' என்ற பெயர் வந்ததாம். அரசனின் தடையே கலத்துக்குச் சிறப்பும் பெயரும் கொடுத்தது என்ற இவ்விளக்கம் நூற்றாண்டுகள் தோறும் படியெடுக்கப்பட்டது. சொங் காலத்திலேயே இதனை ஐயுற்றோரும் இருந்தனர். அவர்கள் குரல் எடுபடவில்லை.

1981இல் ஷான்சி மாகாணத்துப் பாமென் பௌத்த ஆலயத்தின் கோபுரம் இடிந்து வீழ்ந்தது. அதனை மீளக் கட்டுவதற்காக 1987இல் அடித்தளத்தைத் துப்புரவு செய்தபோது நிலவறை ஒன்று வெளிப்பட்டது. தாங் மரபின் காலத்தில், 874இல் மூடப்பட்ட அறை அது. உள்ளே கலங்களும் இருந்தன. அவற்றைக் கணக்கெடுத்துப் பொறித்த கற்பலகையும் இருந்தது. அப்பலகை 13 கலங்களை 'இரகசிய நிறப் பீங்கான்' என்றே பெயர் சுட்டிப் பதிந்துள்ளது. வூயுவே அரசு தோன்றுவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்னர்! தடைவிதித்த அரசு பிறப்பதற்கு முன்னரே தடையினால் வந்த பெயர் வந்துவிட்டது போலும். பின்னர், 2015 முதல் 2017 வரை ஷாங்லின் ஏரிக்கரையில் நிகழ்ந்த அகழ்வுகள் அந்நிறத்தின் வழிமுறையைக் காட்டின. கலத்தை மூடும் பெட்டிகளையே நுண்ணிய பீங்கான் மண்ணாற் செய்து, அவற்றின் பொருத்துவாய்களை மெருகுக் குழம்பால் அடைத்திருக்கின்றனர். சூளை ஆறும்போது காற்று உட்புகாமைக்கு அது காப்பு. கலத்தை எடுக்க வேண்டுமாயின் பெட்டியை உடைத்தே எடுக்க வேண்டும். இரகசியம் என்று ஒன்று இருந்ததாயின் அது அந்த அடைப்பிலேயே இருந்தது.

அடுத்தது ரூ. பேரரசர்வாதிகளின் கோட்டை இதுவே. வட சொங் மரபின் கடைசிக் காலத்தில் அரண்மனைக்கெனக் குறுகிய காலம் சுடப்பட்ட இந்நீலப்பச்சைக் கலங்களுள், கைமாறிக் கைமாறி இன்றுவரை பேணப்பட்டு எஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. சூளையின் இருப்பிடம் நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 1986-87இல் ஹெனான் மாகாணத்துப் பாவ்ஃபெங் மாவட்டத்தின் சிங்லியாங்சி என்ற கிராமத்தில் அது இனங்காணப்பட்டது. அரண்மனைக்குரிய கலங்கள் சுடப்பட்ட மையப்பகுதி 2000இல் வெளிப்பட்டது. இந்த அகழ்வுகளின் ஒரு முடிவு போதிய கவனம் பெறவில்லை. சிங்லியாங்சி வெறுநிலத்தில் அரச ஆணையால் முளைத்த தொழிற்சாலை அன்று. ஊர்ச் சந்தைகளுக்கு வெள்ளைக் கலமும் கறுப்புக் கலமும் பசுங்கலமும் சுட்டுவந்த விரிந்த சூளைத்தலம் அது. அதன் ஒரு மூலையிலேயே அரண்மனை வேலை நடந்தது. கலத்தின் அடிப்பாகத்தையும் விடாமல் மெருகிட்டு, எள்ளளவான முனைகளின்மேல் நிறுத்திச் சுடும் நுட்பத்தை அரண்மனை வேலையில் மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்ற கைகள், அதற்கு முன் அவ்வூர்ச் சட்டிகளை வனைந்த தொழில்மரபிற் பயின்ற கைகளே.

சொங் காலத்துக் குறிப்பேடு ஒன்று இன்னொன்றையும் பதிந்துள்ளது. ரூ கலங்களுள் அரண்மனைக்கென ஆய்ந்தெடுத்த பின் தள்ளப்பட்டவற்றை விற்பதற்கு அனுமதி இருந்ததாம். சிந்திக்க வேண்டிய இடம் இது. தள்ளப்பட்டதும் கொள்ளப்பட்டதும் ஒரே மண், ஒரே குழம்பு, ஒரே தீ. அரண்மனையின் பங்கு அவ்விரண்டையும் பிரித்த விரலசைவே. அந்த விரலசைவைத்தான் நமது நூல்கள் 'படைப்பு' என்கின்றன.

யாவ்சௌ சூளைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே கிடைத்த 1084ஆம் ஆண்டுக் கல்வெட்டைச் சொல்லாமல் விட முடியாது. மட்கலத் தொழிலைப் பற்றி எழுந்த மிகப் பழைய சீனக் கல்வெட்டுகளுள் அது முதன்மையானது. அவ்வூரார் கலத்தொழிலின் வருவாயாலேயே வாழ்கின்றனர் என்று அது கூறுகின்றது. ஊரார்க்கு அத்தொழிலைக் கற்பித்தவராகப் பாய் லின் என்ற முதியவரை நினைவுகூர்கின்றது. அரசு அங்கே என்ன செய்தது? சூளைகளைக் காக்கும் தெய்வத்துக்குப் பிரபுப் பட்டம் வழங்கிற்று. பட்டம் தெய்வத்துக்கு, ஆண்டுக்கு 50 கலம் என்ற காணிக்கைக் கடமை குயவருக்கு.

1127இல் சூர்ச்சென்களிடம் தலைநகரை இழந்து தெற்கே ஓடிய சொங் அரசவை ஹாங்சௌவில் அமர்ந்தது. அங்கே 'குவான்' எனப்படும் அரச சூளைகள் நிறுவப்பட்டன. எதிர்வாதத்தின் வலுவான பகுதி இங்கேயே உள்ளது. அதனை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. சடங்குகளுக்குரிய பழைய வெண்கலப் பாத்திரங்களை ஓட்டத்திலே இழந்த அரசவை, அவற்றின் வடிவங்களை மண்ணிலே ஆக்குமாறு கேட்டது. தொல்வெண்கல வடிவங்கள் பசுங்கலத்திற் செல்வாக்குப் பெற்றமைக்கு அரசவையின் தேவை ஒரு முக்கிய காரணம். மெல்லிய உடலின்மேல் மெருகைப் பல அடுக்குகளாகப் பூசும் செலவுமிக்க வேலையையும், கெட்டுப்போகும் கலங்களின் இழப்பையும், தாங்கக்கூடிய வாங்குவோன் அரண்மனையே என்பதும் உண்மை. வடிவமும் பணமும் மேலிருந்து வந்தன. இவ்வளவையும் கொடுத்த பின்னரும் எதிர்வாதம் வெல்லவில்லை. வடிவத்தை ஓலையில் வரைந்தனுப்பலாம். தீயின் நிறத்தை ஓலையில் அனுப்ப முடியாது.

அன்றியும், அரண்மனைப் பணம் செய்த மற்றொரு காரியமும் உண்டு. ஹாங்சௌவின் புலிக்குகைச் சூளை 1996இல் வெளிப்பட்டபோது, அங்கே உடைந்த கலங்கள் நிரம்பிய குழிகள் காணப்பட்டன. ஓடுகளைப் பொருத்தினால் முழுக்கலங்களாகச் சேர்ந்தன. அதாவது, சூளையில் வெடித்துச் சிதறியவை மட்டுமல்ல, வேண்டுமென்றே உடைத்துப் புதைக்கப்பட்டவையும் அவற்றில் இருந்தன. பின்னாளில் ஜிங்தெசென் நகரின் மிங் அரச சூளையிலும் இதே வழக்கம் நிலவியதை அந்நகரின் அகழ்வுகள் காட்டின. சிங்லியாங்சியில் விற்க அனுமதிக்கப்பட்ட 'குறையுள்ள' கலம், அதிகாரம் இறுகியபின் சம்மட்டிக்கு இரையாயிற்று. அரிதாக இருப்பதே உயர்வு என்ற விதியை அரண்மனை இவ்வாறு கைவேலையாகவே உற்பத்தி செய்தது. ஆயிரம் பேரின் உழைப்பை நொறுக்கி உண்டாக்கிய அருமையை இன்று நாம் 'தூய இரசனை' என்று வாசிக்கின்றோம்.

இதற்கு நேரெதிரில் நிற்பது லொங்சுவான். தென்செஜியாங்கின் மலைகளுக்கிடையே, ஓ ஆற்றின் வழியாக வென்சௌத் துறைமுகத்தோடு இணைந்திருந்த நூற்றுக்கணக்கான சூளைகள் அவை. தென்சொங் காலத்தில் இங்கே சுண்ணாம்பு குறைந்து சாம்பற்காரம் கூடிய குழம்பு பயன்பாட்டுக்கு வந்தது. அது தீயில் எளிதில் வழிந்தோடாது. ஆகவே அடுக்கடுக்காகத் தடித்துப் பூச முடிந்தது. பச்சைமணிக் கல்லின் ஆழ்ந்த, ஈரம் போன்ற ஒளி அத்தடிப்பினால் வந்தது. அடுக்குப் பூச்சு ஹாங்சௌ அரச சூளையிலிருந்து லொங்சுவானுக்கு வந்ததாகவே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. ஆனால் லொங்சுவானிலேயே கறுத்த உடலும் தடித்த மெருகும் கொண்ட கலங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்ட பின்னர், யார் யாரிடம் கற்றனர் என்பது சீன ஆய்வாளரிடையே பெரும் விவாதமாகியுள்ளது. அரண்மனையிலிருந்து குடிசைக்கு என்ற ஒரே திசையிற் கலை வழிந்தோடும் என்று முன்னமே முடிவு கட்டியவர்களுக்கே இவ்விவாதம் அதிர்ச்சி தரும்.

லொங்சுவானின் வாடிக்கையாளர் யார்? கொரியாவின் சின்ஆன் கடலில் 1976 முதல் அகழப்பட்ட கப்பல் இதற்கு விடை கூறுகின்றது. 1323இல் சீனத்துறையிலிருந்து யப்பானுக்குச் சென்றுகொண்டிருந்தபோது மூழ்கிய அக்கப்பலில் 20,000க்கு மேற்பட்ட மட்கலங்கள் இருந்தன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை பசுங்கலங்கள். பசுங்கலங்களுட் பெரும்பாலானவை லொங்சுவான் ஆக்கங்கள். ஒரு கப்பலில், ஒரு பயணத்தில். எஞ்சியுள்ள ரூ கலங்களின் தொகையை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்குக் குறைந்த கலங்களைக் கொண்டு ஒரு கலையின் முழு வரலாற்றையும் எழுதிவிட்டு, பதினாயிரக்கணக்கானவற்றை 'ஏற்றுமதிச் சரக்கு' என்ற அடிக்குறிப்பில் அடைப்பது எவ்வகை அளவை?

அவ்வடிக்குறிப்புக்குள் நாமும் இருக்கின்றோம். மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நிகழ்ந்த அகழ்வுகளிலே யுவே சூளைகளின் பசுங்கல ஓடுகள் கிடைத்தன. யாழ்ப்பாணத்துக்கு அண்மையில், அல்லைப்பிட்டிக் கரையிற் கிடைத்த சீன ஓடுகள் வட சொங் காலத்துக்குரியவை. பெரிதும் குவாங்டொங் கரையோரச் சூளைகளின் சரக்கு. பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் லொங்சுவான் பசுங்கல ஓடுகள் எடுக்கப்பட்டன. இக்கரைகளில் இறங்கியவை பேரரசர் தெரிந்தெடுத்த கலங்கள் அல்ல. வணிகர் கட்டுக்கட்டாக அடுக்கி ஏற்றிய கலங்கள். கடலோரத்தார் விலைகொடுத்து வாங்கிச் சோறும் குழம்பும் இட்டு உண்ட கலங்கள். எமது பேச்சு வழக்கில் உண்கலத்துக்கே 'பீங்கான்' என்று பெயர். ஆயினும் எமது மாணவன் ஒருவனிடம் சொங் காலத்துப் பீங்கானைப் பற்றிக் கேட்டால் அவன் ஹுய்சொங்கின் பெயரைச் சொல்வான், அல்லைப்பிட்டியைச் சொல்லமாட்டான். அவன்மேற் குற்றமில்லை. அவனுக்குக் கற்பிக்கப்பட்ட வரலாறு அரசரின் பெயர்வரிசையிலேயே நடக்கின்றது.

மிங் அரசுக்கு வருவோம். அதன் சட்டத்தொகுப்பில் உள்ள 1393ஆம் ஆண்டு விதி, அரண்மனைக்கும் சூளைக்கும் இருந்த உறவை எந்த விமரிசகரைவிடவும் வெளிப்படையாகச் சொல்கின்றது. அரண்மனைக்குக் கலம் வேண்டுமாயின் முதலில் மாதிரியைத் தீர்மானிக்க வேண்டும். ஆளும் பொருளும் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். தொகை பெரிதாயின் கைவினைஞரைத் தலைநகருக்கு வருவித்துச் சூளை அமைக்க வேண்டும். சிறிதாயின் ராவ், சூ முதலிய மாவட்டங்களுக்கு வேலையை அனுப்ப வேண்டும். ராவ் என்பது ஜிங்தெசென் அமைந்த மாவட்டம். சூ என்பது லொங்சுவான் அமைந்த மாவட்டம். தொழில் எங்கே இருந்தது என்பது அரசுக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது. லொங்சுவானின் தாயாவ் பகுதியில் 2006-07இல் நடந்த அகழ்வும் அரண்மனைக்கான கலங்களும் பொதுச் சந்தைக் கலங்களும் ஒரே சூளைத்தலத்தில் ஆக்கப்பட்டதைக் காட்டிற்று. ஆட்களை வருவித்தவர்களை ஆக்கியோர் என்று நாம் ஏன் எழுத வேண்டும்?

வருவித்தல் என்ற அச்சொல்லின் முழுப்பொருளை அறிய வேண்டுமாயின் ஜிங்தெசெனில் 1599இல் நடந்ததைப் பார்க்க வேண்டும். இங்கே பேசப்படுவது பசுங்கலம் அன்று. அரண்மனைக்கான பெரிய நாகத் தாழிகள். எனினும் சூளை ஒன்றே, ஆட்சிமுறையும் ஒன்றே. அரண்மனையிலிருந்து வந்த பான் சியாங் என்ற அதிகாரியின் நெருக்குதலின் கீழ்த் தாழிகள் மீண்டும் மீண்டும் கெட்டன, தொழிலாளர் வதைக்கப்பட்டனர். தொங் பின் என்ற சூளைத் தொழிலாளி எரியும் சூளைக்குட் பாய்ந்து உயிர்விட்டான். அதன்பின் தாழிகள் செம்மையாக வந்தன என்பது மரபுக்கூற்று. சில ஆண்டுகளில் நகரத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து அரச சூளைக்குத் தீ வைத்தனர். கிளர்ச்சிக்குப் பின் தொங் பின்னுக்கு ஆலயம் எழுந்தது. 'காற்றும் தீயும் ஆளும் தேவன்' என்று அவனை வணங்கினர். அரச சூளையின் நெடிய வரலாற்றிலே ஒரு தொழிலாளியின் பெயர் நிலைத்தமைக்கு அவன் கொடுத்த விலை இது. மஞ்சூ ஆட்சியின்போது 1728இல் அங்கே பொறுப்பேற்ற தாங் யிங் என்ற அதிகாரி, மூன்றாண்டு தொழிலாளரோடு உண்டு உறங்கித் தொழிலைக் கற்றதாகத் தாமே எழுதியுள்ளார். தொங் பின்னின் வரலாற்றை எழுதியோருள் அவரும் ஒருவர். ஓர் அதிகாரி அறிந்து ஒப்புக்கொண்டதை நமது கலை வரலாற்றாசிரியர் ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றனர்.

என் பக்கத்தில் நிற்பதாகக் கருதும் நண்பர்களோடும் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. பசுங்கலம் 'மக்கள் கலை' என்று சொல்லிக் கைதட்டிவிட்டு அமர்வோர் அவர்கள். லொங்சுவான் குயவன் சந்தைக்குச் சுட்டான் என்பதால் அவன் தனக்காகச் சுட்டான் என்று ஆகாது. சின்ஆன் கப்பலின் சரக்கோடு கட்டப்பட்டிருந்த மரச்சீட்டுகளில் உரியவர் பெயர்கள் உண்டு. யப்பானின் தோபுக்குஜி ஆலயத்தின் பெயரும் உண்டு. சுட்டவன் பெயர் இல்லை. அரண்மனை பறித்த பெயரை வணிகன் திருப்பிக் கொடுக்கவில்லை. குயவனைப் புகழ்ந்து பாடுவதால் இக்குறை தீராது. எந்த மண், எந்த விறகு, எத்தனை ஆள், என்ன கூலி, யார் கையில் இலாபம் என்று சூளை சூளையாக எழுதினாலன்றி அவனைப் பற்றிய வரலாறு இல்லை. சீனத்து அகழ்வாளர் அவ்வேலையைத் தொடங்கி நெடுநாளாயிற்று. பின்தங்கி நிற்பது கலைச்சுவைஞரின் பேனாவே.

அப்பேனாவின் மூதாதை ஒருவரோடு முடிக்கலாம். மஞ்சூப் பேரரசர் சியென்லுங் பழங்கலங்களைப் பெரிதும் சேகரித்தவர். தாம் இயற்றிய செய்யுள்களைக் கலங்களின் அடியிலே பொறிக்கச் செய்வது அவர் வழக்கம். ஆக்கியவன் கையெழுத்து இல்லாத கலத்தில் உடைமையாளரின் கவிதை! தாய்ப்பேய் அரண்மனை அரும்பொருட்காட்சியகத்தில் இன்றுள்ள வெடிப்புக்கோடற்ற ரூ நீள்வட்டத் தொட்டி ஒன்றின் அடியிலும் அவருடைய செய்யுள் உண்டு. அதனை அவர் ரூ என்று அறியவில்லை. அரச சூளைக் கலம் என்றார். சொங் காலத்ததா தாங் காலத்ததா எனப் பிரித்தறிய இயலவில்லை என்றார். நாய்க்கு உணவிடும் பாத்திரம் என்று வழங்கிய பேச்சையும் குறித்தார். பேரரசர்களின் கண்ணே பசுங்கலத்தை ஆக்கிற்று என்போர் இத்தொட்டியின் அடியை ஒருமுறை வாசித்தல் நன்று.

2017 ஒக்ரோபரில் ஹொங்கொங் ஏலத்தில் ரூ கலம் ஒன்று 29 கோடியே 43 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கு விலைபோயிற்று. தூரிகை கழுவும் சிறு கிண்ணம் அது. அந்த ஏலத்துக்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அக்கிண்ணத்தின் இனத்தைச் சுட்ட ஊரின் பெயர் அதனை விற்போருக்கும் தெரியாது, வாங்குவோருக்கும் தெரியாது. சிங்லியாங்சியிற் கண்டெடுக்கப்பட்ட ஒரு கலமும் சில உடைந்த ஓடுகளுமே ஷாங்ஹாய் ஆய்வாளரை அவ்வூருக்கு இட்டுச் சென்றன.